கோழிக்கு மூச்சு வாங்கினால்...

இந்த மாத சுவர் இதழில் அறிவியல் பகுதிக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று அறிவியல் டீச்சர் சொன்னார். சூரியக் குடும்பம் எழுதலாமா, பிளாஸ்டிக் ஒழிப்பு எழுதலாமா என்று கேட்டேன். இரண்டும் ஏற்கெனவே வந்தாச்சு. "உன் கோழிக் கதையையே எழுதேன்" என்றார். அதனால் இது கோழியைப் பற்றிய பாடம். தயவு செய்து சிரிக்காமல் படிக்கவும், ஏனென்றால் இதில் ஒரு உயிர் போயிருக்கிறது.

நான் கிண்டியிலிருந்து வருகிறேன் என்பது என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ரயில் சத்தம் கேட்கும் ஒரு சந்தில் எங்கள் வீடு. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே எங்க ஆயா இரண்டு நாட்டுக்கோழி வளர்த்தார். ஒன்று கருப்பி, இன்னொன்று செவ்வந்தி. "மெட்ராஸ்ல போய் யாராவது கோழி வளப்பாங்களா" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். முட்டை கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார்கள்!

போன ஐப்பசியில் விடாமல் மழை பெய்ததே, அப்போது கூண்டுக்குள் சாரல் அடிக்கிறது என்று அப்பா நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். குளிராமல் இருக்கும் என்று நினைத்தோம். ஐந்தாறு நாள் கழித்து கருப்பி கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சு விட ஆரம்பித்தது. ராத்திரி கூண்டுக்குப் பக்கத்தில் போனால் 'கர்ர்... கர்ர்...' என்று சத்தம். ஆயா கேட்டுவிட்டு, "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, கஷாயம் குடுத்தா சரியாப் போயிடும்" என்றார். ஓமமும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆற வைத்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற பாலாடையில் எடுத்துக்கொண்டார். கருப்பியை நான்தான் பிடித்துக்கொண்டேன். திமிறக் கூடாது என்று இரண்டு கையாலும் என் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். ஆயா அலகைப் பிரித்து ஊற்றினார். கருப்பி ஒரு தடவை இருமுவது போல உதறியது. இறக்கையை அடித்தது. அப்புறம் தலை தொங்கிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஆயா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "வயசாச்சு அதுக்கு" என்று என்னிடம் சொன்னார். கருப்பிக்கு ஒன்றரை வயசுதான்.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கரும்பலகையில் ஒரு கோழி படம் போட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா அதோட மூச்சை அடைச்சிருக்கீங்க" என்றார். அவர் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் பெரிசாக இருக்கும், ஆனால் கோழி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால் நுரையீரல் விரிந்து காற்று உள்ளே போகும். கோழிக்கு அப்படி ஒன்று கிடையாது. அதன் நுரையீரல் சின்னது, முதுகுப் பக்கம் விலா எலும்போடு ஒட்டிக்கொண்டு இருக்கும், பலூன் மாதிரி விரிந்து சுருங்காது. அதற்குப் பதிலாக உடம்பு முழுக்க 9 காற்றுப்பைகள் உண்டு. மார்பு எலும்பு முன்னும் பின்னும் அசையும்போது அந்தப் பைகள் துருத்தி போல வேலை செய்து, நுரையீரல் வழியாகக் காற்றைத் தள்ளும். நமக்குப் போன வழியிலேயே காற்று திரும்பி வரும். கோழியின் நுரையீரலில் காற்று ஒரே திசையில்தான் ஓடும், ஒன்வே ரோடு மாதிரி. ஒரு தடவை இழுத்த காற்று முழுசாக வெளியே வர இரண்டு மூச்சு ஆகும். சில எலும்புகளுக்குள்கூட காற்றுப்பை நுழைந்திருக்கும்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? மார்பு எலும்பு அசைந்தால்தான் கோழிக்கு மூச்சு. நாம் பயத்தில் மார்பை இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதனால் மூச்சு விட முடியாது. நான் செய்தது அதுதான். பிடிக்க வேண்டிய முறை வேறு. இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து, மடியில் உட்கார்ந்த மாதிரி வைத்து, மார்புக்குக் கீழே உள்ளங்கையைத் தாங்கலாக மட்டும் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் போடவும் கூடாது.

இரண்டாவது, வாய். நீங்கள் யாராவது கோழி வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நாக்கு முடிகிற இடத்திலேயே ஒரு சின்னப் பிளவு இருக்கும், திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல் வாசல். நமக்கு விழுங்கும்போது அந்த வாசலை மூட குரல்வளை மூடி என்ற தட்டு இருக்கிறது. கோழிக்கு அந்த மூடி இல்லை. தானாகக் குடிக்கும்போது கோழி கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்து, தலையைத் தூக்கி, அந்தப் பிளவை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கும். நாம் பாலாடையால் ஊற்றினால் அது எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதுவும் மூச்சு வாங்குகிற கோழிக்கு வாசல் திறந்தே கிடக்கும். ஓமத் தண்ணி நேராக நுரையீரலுக்குப் போய்விட்டது. மருந்து நல்லதா கெட்டதா என்ற பேச்சே வரவில்லை, தண்ணீர் ஊற்றியிருந்தாலும் அதே கதிதான்.

இதை ஆயாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன், நான் இறுக்கிப் பிடித்ததையும் சேர்த்து. ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ செவ்வந்திய நீ பாத்துக்க" என்று சொன்னார்.

நாலாம் நாள் செவ்வந்திக்கும் வந்துவிட்டது.

இந்தத் தடவை எதையும் ஊற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நோட்டில் எழுதினேன். வாயைத் திறந்து மூச்சு விடுவது எல்லாமே நோய் இல்லை. சித்திரை வெயிலில் எல்லாக் கோழியும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து இளைக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, உடம்புச் சூடோ 41, 42 டிகிரி செல்சியஸ் (நமக்கு 37தான்). அதனால் வாய் வழியாகத்தான் சூட்டைத் தணிக்க முடியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வாயை மூடிவிடும். அடைமழையில், காலை நேரக் குளிரில் வாயைத் திறந்தால் அது நோய்தான்.

செவ்வந்தி சும்மா உட்கார்ந்திருக்கும்போது வால் மேலும் கீழும் ஆடியது. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு மூச்சு. அப்பாவின் வாட்சை வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 52. ஓய்வாக இருக்கும் பெட்டைக் கோழிக்கு 20 முதல் 35 வரை இருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஒரு கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழி. மூக்கு ஓட்டையில் தவிடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கொண்டை சிவப்பாகத்தான் இருந்தது. இது முக்கியம், கொண்டை நீலமாகவோ கத்திரிப்பூ நிறமாகவோ மாறினால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. எச்சம் வழக்கம் போல இருந்தது. முகம் வீங்கவில்லை. முகம் வீங்கி, மூக்கில் கெட்ட நாற்றத்தோடு சளி வந்தால் அது கொரைசா என்ற வேறு ஒரு நோயாக இருக்கலாம். வாய்க்குள் மஞ்சளாகப் படை படிந்திருந்தால் கோழி அம்மையில் ஒரு வகை. கழுத்து திருகிக்கொண்டு, எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வெள்ளைக் கழிச்சல். மூச்சு வாங்குவது மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் 'மூச்சு வாங்குது, இந்த மருந்து குடு' என்று யாரும் தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

அப்புறம் வீட்டில் செய்தது இவ்வளவுதான். செவ்வந்தியை அட்டைப்பெட்டியில் காய்ந்த மரத்தூள் போட்டுத் தனியாக வைத்தேன். பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். காற்று வர பெட்டியில் நிறைய ஓட்டை. தண்ணீர்க் கிண்ணத்தை அது குனியாமல் எட்டும் உயரத்தில் வைத்தேன், குனிந்தால் மூச்சு இன்னும் திணறுகிறது. நொய்யை வேக வைத்துக் குழைவாகக் கொடுத்தேன், கொஞ்சம் கொத்தியது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி உப்பு போட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்கையும் கண்ணையும் துடைத்தேன். (பிழிந்து! சொட்டக் கூடாது.) ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவினேன். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் காட்டக் கூடாது. எங்க வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பெட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அம்மா மாத்திரை டப்பாவிலிருந்து, தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது மிச்சமான அமாக்சிசிலின் கேப்ஸ்யூலை எடுத்து, பிரித்துத் தண்ணீரில் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். பிற்பாடு அதற்கு டாக்டர் சொன்ன பதிலைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன், கீழே வருகிறது.

சனிக்கிழமை அப்பாவுக்கு லீவு. பக்கத்து வீட்டு அண்ணன், "கிண்டியிலேயே கிங் இன்ஸ்டிடியூட் இருக்கே, அங்க காட்டலாமே" என்றார். அது மனிதர்களுக்கான நிறுவனம் என்று அப்பா சொன்னார். ஆனால் அதற்கும் மாடு கோழிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1899-ல் அது ஆரம்பித்ததே பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரிக்கத்தான், அந்தக் காலத்தில் அம்மைப்பாலை கன்றுக்குட்டிகளின் தோலில் வளர்த்துத்தான் எடுத்தார்கள். 2020-ல் நம் எல்லோருடைய மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்களே, தமிழ்நாட்டில் அந்தக் கொரோனா பரிசோதனை முதலில் தொடங்கிய இடமும் அதுதான். இன்னொரு விஷயம், உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கொரோனா வகை நோய் மனிதனுடையது இல்லை, கோழியுடையது. 1931-ல் அமெரிக்காவில் கோழிக்குஞ்சுகள் மூச்சுத்திணறிச் செத்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோழிக் கொரோனா நமக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம்.

நாங்கள் போனது வேப்பேரி. கிண்டியில் ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்தது எழும்பூர். அங்கிருந்து ஆட்டோ. ரயிலில் பெட்டிக்குள்ளிருந்து 'கர்ர்' என்று சத்தம் வர, எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "பாப்பா, செல்போன் அடிக்குதா?" என்று கேட்டார். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் ஆரம்பித்தது. 1989-லிருந்து அது கால்நடைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் நாய், பூனை, ஆடு, கிளி எல்லாம் வரிசையில் நிற்கும். கோழியோடு வந்தது அன்றைக்கு நாங்கள் மட்டும்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, அப்பாவுக்கு இல்லை.

டாக்டர் அம்மா ஸ்டெதஸ்கோப்பை செவ்வந்தியின் முதுகில் வைத்துக் கேட்டார். (நுரையீரல் முதுகுப் பக்கம் என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து நான் தலையாட்டினேன்.) என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "52-ன்னு நீயா எண்ணின?" என்றார். கண்ணில் நுரை, கரகர சத்தம், எச்சம் சரியாக இருப்பது, மெதுவாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது, இதையெல்லாம் வைத்து இது நாள்பட்ட சுவாச நோய் மாதிரி இருக்கிறது என்றார். காரணம் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. அமாக்சிசிலின் பற்றி அம்மா கேட்டதைச் சொன்னேன். "நீ ஒன்பதாவதுதானே? பாக்டீரியாவுக்கு செல்சுவர் இருக்கும்னு படிச்சியா?" என்று கேட்டார். படித்திருக்கிறேன். பென்சிலின் வகை மருந்துகள் எல்லாம் அந்தச் சுவர் கட்டுவதைத்தான் கெடுக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்கு செல்சுவரே கிடையாது! இல்லாத சுவரை எப்படி இடிப்பது? மருந்து வீண், அதோடு கோழி உடம்பில் இருக்கிற மற்ற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இருந்தது இப்படி ஒரு உயிர் விஷயமாக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் குடிக்கிற தண்ணீரில் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். மூன்றாம் நாளே நன்றாக ஆகிவிட்டதே என்று நிறுத்தக் கூடாது. மருந்து முடிந்தும் அவர் சொன்ன நாள் வரைக்கும் முட்டையைச் சாப்பிடக் கூடாது, மருந்து முட்டையில் இறங்கும். அது என்ன மருந்து, எவ்வளவு என்று நான் வேண்டுமென்றே எழுதவில்லை. உங்கள் கோழிக்கு வந்தது வேறாக இருக்கும்.

பிறகு கூண்டைப் பற்றிக் கேட்டார். தார்ப்பாய் கட்டியதைச் சொன்னதும், "அதான்" என்றார். ஈரமான எச்சத்திலிருந்து அமோனியா வாயு வரும். மூச்சுக்குழலின் உள்பக்கம் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுவதற்குச் சின்னச் சின்ன இழைகள் இருக்கின்றன, அமோனியா அவற்றைக் கெடுத்துவிடும். அப்புறம் சும்மா இருந்த கிருமியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் நின்றபடி கூண்டைப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. "கோழி உயரத்துக்குக் குனிஞ்சு, அது மூக்கு இருக்கிற இடத்துல உன் மூக்கை வெச்சுப் பாரு" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவும் நானும் அப்படியே செய்தோம். ஒரே நொடியில் கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் காற்றில்தான் கருப்பி இத்தனை நாள் படுத்திருந்தது. அப்பா அன்றைக்கே இரண்டு பக்கத் தார்ப்பாயைப் பிரித்து, மேலே மட்டும் சாய்வாகக் கட்டினார். காற்று மேல்பக்கமாக வந்து போகும், சாரல் அடிக்காது. ஈர மரத்தூளை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாரி எடுத்தோம்.

டாக்டர் தடுப்பூசி போட்டீர்களா என்றும் கேட்டார். போடவில்லை. வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்று இன்னொரு பெயர் உண்டு. ராணிக்கெட் இமயமலைப் பக்கம், இப்போதைய உத்தரகாண்டில் இருக்கும் ஊர். 1920-களின் கடைசியில் இந்தியாவில் அங்கேதான் அதை ஆராய்ந்து எழுதினார்கள். அதற்குச் சற்று முன்னால் 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரிலும் அதே நோய் வந்ததால் வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்கிறார்கள். (பாவம் அந்த ஊர்க்காரர்கள், நோய்க்குத் தங்கள் ஊர் பெயர்!) வைரஸ் நோய் என்பதால் வந்துவிட்டால் மருந்தே கிடையாது. குஞ்சு பொரித்து ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, பிறகு டாக்டர் சொல்லும் வயதில் ஊசி. இந்தத் தடுப்பு மருந்தைக் கருவுள்ள கோழி முட்டைக்குள்தான் வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் அதற்கு அரசு நிறுவனம் இருக்கிறது. பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவது வழக்கம், கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். நோயாக இருக்கும் கோழிக்குத் தடுப்பூசி போடக் கூடாது, தெம்பாக இருக்கும்போதுதான்.

இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கை. ஒன்றிரண்டு கோழி சளி பிடித்துக் கிடப்பது வேறு, நேற்று வரை மேய்ந்த கோழிகள் திடீரென்று பத்து பதினைந்து செத்து விழுவது வேறு. அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். இந்தியாவில் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் நவாபூர் என்ற ஊரில் வந்தது. காக்காய்களும் சாகும். அப்போது தொடவே கூடாது, அறுத்துச் சமைக்கவும் கூடாது, உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அது மனிதருக்கும் வரக்கூடியது.

செவ்வந்தி பிழைத்துவிட்டது. இரண்டாம் நாள் 44, மூன்றாம் நாள் 36, ஐந்தாம் நாள் 28. ஆறாம் நாள் காலையில் பெட்டியிலிருந்து தானே குதித்து ஆயாவின் முறத்தில் இருந்த அரிசியைக் கொத்தியது. ஆயா விரட்டவில்லை. முறத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைத்தார். இப்போது ஆயாவே எல்லோரிடமும், "வாயில ஊத்தாத, கிண்ணத்துல வெய்யி" என்று சொல்கிறார்.

ஆனால் முழுசாகக் குணமாகவில்லை. மைக்கோபிளாஸ்மா ஒரு தடவை வந்தால் கோழி நன்றாகத் தெரிந்தாலும் கிருமி உள்ளேயே இருக்கும் என்றார் டாக்டர். மழையும் குளிரும் வந்தால் திரும்பவும் கரகரக்கலாம். புதுக்கோழி வாங்கிச் செவ்வந்தியோடு விடக் கூடாது, முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். மனிதர்களுக்கு அந்தக் கிருமி ஒன்றும் செய்யாது, மருந்து நாட்கள் முடிந்த பிறகு முட்டையை வேக வைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். அடை வைக்கத்தான் கூடாது.

எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் என் தோழி, அவள் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, செவ்வந்தி முட்டை ஐந்து கொடு என்று மூன்று வாரமாகக் கேட்கிறாள். நான் ஏதேதோ சாக்கு சொன்னதால் என்னோடு பேசுவதில்லை. அவள் வீட்டில் ஏற்கெனவே எட்டுக் கோழி இருக்கிறது. காரணம் மேலே இருக்கிறது, அவள் இதைப் படிப்பாள் என்றுதான் இவ்வளவு பெரிதாக எழுதினேன். ஐந்து முட்டையும் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். ஆனால் அவித்துத்தான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி